கேள்வித்தாள் கிராமத்துக்குப் போகும் முன்: தாக்க மதிப்பீடு வடிவமைக்கும் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆய்வு நண்பர்களுக்கு,

முதுகலை முடித்த கையோடு ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறீர்கள். அல்லது தொண்டு நிறுவனம் ஒன்றில் 'கண்காணிப்பு, மதிப்பீடு' என்று பலகை தொங்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஓர் அரசுத் துறை வந்து, 'எங்கள் திட்டத்தால் பலன் உண்டா இல்லையா, அளந்து சொல்லுங்கள்' என்று கேட்டதும் முன்மொழிவு தயாரிக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். உங்களுக்கும், உங்கள் முன்மொழிவில் கையெழுத்திடும் பேராசிரியர்களுக்கும்தான் இந்த மடல். நேரில் சொன்னால் மனம் கோணும் என்று இத்தனை காலம் தள்ளிப்போட்டேன். இனியும் தள்ளிப்போடுவது முறையாகப் படவில்லை.

உங்கள் முன்மொழிவுகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்கு அவ்வப்போது வரும். அவற்றில் இரண்டாம் அத்தியாயம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். முன்னாய்வுகளின் மீளாய்வு, பேச்சில் நாம் லிட்டரேச்சர் ரிவ்யூ என்கிறோமே, அது. பத்திக்கு ஒரு பெயர், ஒரு ஆண்டு, ஒரு முடிவு. கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பெயரைப் போடுவதுபோல, யாரும் விட்டுப்போய்விடக் கூடாதே என்ற கவலை மட்டும் அதில் தெரியும். அந்த அத்தியாயத்தை முழுசாகக் கிழித்துப் போட்டாலும் மற்ற பக்கங்களில் ஒரு எழுத்துகூட மாற வேண்டியிருக்காது. மாதிரி அளவு அப்படியே நிற்கும். கேள்வித்தாள் அப்படியே நிற்கும். ஏனென்றால் அவையெல்லாம் முன்பே முடிவாகிவிட்டவை. குழுவில் புதிதாகச் சேர்ந்தவரைக் கூப்பிட்டு, 'வெள்ளிக்கிழமைக்குள் ரிவ்யூவை எழுதிக் கொடுத்துவிடுங்கள்' என்று கடைசியில் சொல்லியிருப்பார்கள்.

என் மனக்குறை இதுதான். எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, எவ்வளவு காலம் காத்திருப்பது, எத்தனை பேரை அளப்பது என்ற நான்கையும் தீர்மானிக்க வேண்டிய வேலையை நீங்கள் அலங்காரமாக்கிவிட்டீர்கள்.

பொதுவாகப் பேசினால் உறைக்காது. நம் வீட்டு வாசலில் இருக்கும் ஒரு திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 தொடக்கப் பள்ளிகள், சுமார் 1.14 லட்சம் பிள்ளைகள். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி வைத்து மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கினார்கள். இதை மதிப்பிடும் பொறுப்பு உங்களிடம் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். உடனே உங்கள் கை எங்கே போகும்? பள்ளிப் பட்டியலுக்கு. சில பள்ளிகளைத் தேர்ந்தெடுப்பீர்கள். பிள்ளைகளை எடை பார்ப்பீர்கள், உயரம் அளப்பீர்கள், ஒரு வாசிப்புத் தேர்வு வைப்பீர்கள், ஓராண்டு கழித்துத் திரும்பவும் போவீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள். முதலில் படிப்போம்.

பள்ளியில் போடும் சாப்பாடு வயிற்றுக்குள் கூடுதலாகப் போகிறதா, வீட்டுச் சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதா? பள்ளியில் தின்றுவிட்டான், இனி இரவுக்குக் கொடுத்தால் போதும் என்று வீட்டில் குறைத்துவிட்டால் அரசு செலவழித்தது குடும்பத்துக்கான மானியமாகிவிடும், பிள்ளையின் உடம்பில் ஒட்டாது. மத்தியப் பிரதேச மதிய உணவை வைத்து ஃபர்ஸானா அஃப்ரிடி இந்தக் கேள்வியை ஆராய்ந்து 2010இல் கட்டுரை வெளியிட்டார். திட்டம் கொடுத்த சத்தில் 49 முதல் 100 சதவீதம் வரை பிள்ளையின் அன்றாட உட்கொள்ளலில் கூடுதலாகவே சேர்ந்தது என்று கண்டார். எனக்கு அந்த எண்ணைவிட அவர் போன வழி முக்கியம். பள்ளி நாளில் பிள்ளை என்ன சாப்பிட்டது, பள்ளி இல்லாத நாளில் என்ன சாப்பிட்டது என்று ஒரே பிள்ளையை இரண்டு வகை நாட்களில் கேட்டு ஒப்பிடும் வழி அது. உங்கள் கேள்வித்தாளில் 'நேற்றுக் காலை பள்ளிக்கு வருமுன் என்ன சாப்பிட்டாய்?' என்று ஒரு கேள்வி இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமைக்கும் அதையே கேட்கிறீர்களா? விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிடும் அம்மாவின் வீட்டில் காலையில் பழைய சோறு இருந்ததா, ஒரு டீயும் வர்க்கியும் இருந்ததா, ஒன்றுமே இல்லையா என்று தெரியாமல் இந்தத் திட்டத்தின் பலனை அளக்கவே முடியாது.

அடுத்தது படிப்பு. கென்யாவில் முன்பருவப் பள்ளிகளில் உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு, வெர்மீர்ஷும் கிரேமரும் செய்தது. வருகை சுமார் 30 சதவீதம் கூடியது. மதிப்பெண்ணோ, நல்ல பயிற்சி பெற்ற ஆசிரியர் இருந்த பள்ளிகளில்தான் கூடியது. சாப்பாடு பரிமாறுவதில் வகுப்பு நேரமும் கொஞ்சம் போயிற்று. இதைப் படித்தவர் என்ன செய்வார்? திட்டம் வருமுன் எடுக்கும் முதல் கணக்கெடுப்பிலேயே ஆசிரியரின் பயிற்சியையும் அனுபவத்தையும், பாட நேரம் உண்மையில் எத்தனை நிமிடம் நடக்கிறது என்பதையும் குறித்துக்கொள்வார். படிக்காதவர் இரண்டு வருடம் கழித்து, 'சில பள்ளிகளில் பலன் இருக்கிறது, சிலவற்றில் இல்லை, காரணம் புலப்படவில்லை' என்று அறிக்கை எழுதுவார். போன வருடத்தின் பாட நேரத்தை இந்த வருடம் போய் அளக்க முடியாது.

காலம் பற்றியும் ஒரு பாடம் இருக்கிறது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சமைத்த உணவையே கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்ட பிறகு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு நேரத்தில் மதிய உணவைத் தொடங்கியது. அந்த ஏறுக்குமாறான தொடக்கத்தையே ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு சக்ரவர்த்தியும் ஜெயராமனும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்தாண்டு வரை உணவு கிடைத்த பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண், ஓராண்டுக்கும் குறைவாகக் கிடைத்தவர்களைவிட 18 சதவீதம் அதிகம் என்றது. பலன் ஊறித்தான் வருகிறது. நிதி கொடுப்பவரின் நிதியாண்டு முடிகிறது என்பதற்காக நீங்கள் பன்னிரண்டாம் மாதம் தேர்வு வைத்துவிட்டு 'கற்றலில் தாக்கம் இல்லை' என்று எழுதினால், அந்த ஒரு வரி நாளைக்கு ஒரு கோப்பில் ஏறும். யாரோ ஒருவர் அதைக் காட்டி அடுப்பை அணைக்கச் சொல்வார்.

காலை உணவுக்கென்றே செய்த பழைய சோதனை ஒன்றும் உண்டு. ஜமைக்காவின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் பதினாறில் ஓராண்டு நடத்தி 1998இல் வெளியிட்டார்கள். ஒப்பீட்டுக் குழுப் பிள்ளைகளை அவர்கள் வெறுங்கையோடு விடவில்லை. கால் ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்கள், காலை உணவுக் குழுவுக்குக் கொடுத்த அதே கவனிப்பையும் கொடுத்தார்கள். கவனிப்பினாலேயே வரும் மாற்றத்தையும் உணவினால் வரும் மாற்றத்தையும் பிரித்துப் பார்க்க அந்தக் கால் பழம்! பலன் சிறியதாகவே இருந்தது. கணக்குப் பாடத்தில் இளைய வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் முன்னேற்றம். அப்படியானால் ஐந்தாம் வகுப்பை மட்டும் சோதிக்கும் உங்கள் திட்டம் சரியா?

இவற்றையெல்லாம் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைத்துவிடவும் முடியாது. கென்யப் பள்ளியில் ஒப்பீட்டுக் குழுவுக்குப் பள்ளியில் சாப்பாடு இல்லை. நம் பிள்ளைக்கு மதியம் ஏற்கெனவே இருக்கிறது. காமராசர் காலத்தில் 1956இலிருந்து, எம்.ஜி.ஆர். 1982இல் விரித்த பின் முழு வீச்சில், பின்னாளில் முட்டையும் சேர்ந்து. நீங்கள் அளக்கப்போவது ஒரு வேளை உணவின் மேல் இன்னொரு வேளை சேர்வதால் வரும் மாற்றத்தை. அது சிறியதாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். இன்னொன்று: மாநிலம் முழுக்கத் திட்டம் பரவிவிட்ட பின் ஒப்பீட்டுக் குழுவுக்கு எங்கே போவீர்கள்? முதல் கட்டத்துக்கும் விரிவாக்கத்துக்கும் இடையே கிட்டத்தட்ட ஓராண்டு இடைவெளி கிடந்தது. மற்ற மாநிலங்களின் கட்டம் கட்டமான தொடக்கத்தை ஆய்வாளர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று படித்தவர் கண்ணுக்குத்தான் அந்த இடைவெளி ஒரு வாய்ப்பாகத் தெரியும்.

இனி என் மனதை மிகவும் உறுத்தும் கதைக்கு வருகிறேன். இதுவும் தமிழ்நாட்டில் தொடங்குவதுதான். 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. குழந்தைகளை மாதாமாதம் எடை பார்ப்பார்கள். வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குக் கூடுதல் உணவு. குழந்தைக்கு என்ன கொடுக்க வேண்டும், எப்படி வளர்க்க வேண்டும் என்று தாய்க்கு அறிவுரை. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு குறைந்ததாக மதிப்பீடுகள் சொல்லின. உலகம் முழுக்கப் பேசினார்கள். 1995இல் வங்கதேசத்தில் அதே முறையில் ஒரு திட்டம் வந்தது. அங்கே எதிர்பார்த்த பலன் வரவில்லை. சேவ் த சில்ட்ரன் அமைப்பின் பிரிட்டன் கிளை 2003இல் பகிரங்கமாகவே கேள்வி எழுப்பியது. உலக வங்கியின் சொந்த மதிப்பீட்டுப் பிரிவு 2005இல் துருவிப் பார்த்தது.

என்ன நடந்திருந்தது? தாய்மார்களுக்கு அறிவுரை போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கே பல வீடுகளில் கடைக்குப் போய் மளிகை வாங்குவது ஆண்கள். கூட்டுக் குடும்பங்களில் யார் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்வது மாமியார். அறிவுரை கேட்ட பெண்ணின் கையில் அதைச் செயல்படுத்தும் அதிகாரம் இல்லை. கூடுதலாகக் கொடுத்த உணவும் ஓரளவு வீட்டுச் சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தத்துவ அறிஞர் நான்சி கார்ட்ரைட்டும் ஜெரமி ஹார்டியும் 2012இல் எழுதிய நூலில் இந்த இரட்டைக் கதையை விரிவாக எடுத்துப் பேசியிருக்கிறார்கள். உங்களில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்? நம் ஊர்த் திட்டத்தின் கதையை நாம் இங்கிலாந்துப் பதிப்பகத்தின் வழியாகத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

இதில் உங்களுக்கு ஒரு வேண்டுகோள் ஒளிந்திருக்கிறது. முந்தைய ஆய்வைப் படிக்கும்போது 'பலன் இருந்தது' என்ற முடிவோடு எழுந்துவிடாதீர்கள். தாயிடம் சொன்னால் குழந்தையின் தட்டில் உணவு எப்படி மாறும் என்று நடுவில் உள்ள ஒவ்வொரு படியையும் எழுதிப் பாருங்கள். அந்தப் படிகளில் எது உங்கள் மாவட்டத்தில் இருக்கிறது, எது இல்லை என்று கேளுங்கள். இதற்கு வெறும் பரிசோதனை ஆய்வுகள் போதாது. மானிடவியல், குடும்ப அமைப்பு, கூலி, சாதி பற்றிய பழைய ஆய்வுகள் வேண்டும். நம்மிடம் அவை நிறையவே உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கில் மாணவர்களைக் கொண்டு இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி முதலிய கிராமங்களை ஆராயச் செய்து 1918இல் நூலாக்கினார். 1930களில் மறுபடி போனார்கள், 1960களில் போனார்கள், பிறகும் போனார்கள். இருவேல்பட்டில் 2008 வரைக்கும் ஆய்வு நடந்திருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் விவசாயக் கூலிக் குடும்பங்களை ஆராய்வதாகச் சொன்ன ஒரு முன்மொழிவைச் சில காலம் முன்பு படித்தேன். அமெரிக்கக் கட்டுரைகள் வரிசையாக இருந்தன. இருவேல்பட்டு என்ற பெயரே இல்லை. அந்த ஊர் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

திட்டத்தை யார் நடத்தினார்கள் என்பதையும் பாருங்கள். கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர்களை நியமித்தால் கற்றல் கூடுகிறது என்று ஓர் ஆய்வு சொன்னது. அதை நாடு தழுவி விரிக்கும்போது, சில பள்ளிகளில் தொண்டு நிறுவனமும் சிலவற்றில் அரசும் நடத்துமாறு குலுக்கல் போட்டுப் பார்த்தார்கள். 2018இல் வெளிவந்த முடிவு: தொண்டு நிறுவனம் நடத்திய இடத்தில் பலன், அரசு நடத்திய இடத்தில் ஒன்றும் இல்லை. ஆசிரியர் பணி அதேதான். நடத்திய கை வேறு. இங்கே காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். வேறெங்கோ தொண்டு நிறுவனச் சமையலறை ஒன்றின் முடிவை அவர்கள் தலையில் வைப்பதற்கு முன் யோசியுங்கள்.

எல்லா ஆய்வுக்கும் ஒரே எடை கொடுக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். இதற்கும் கென்யாதான் நல்ல சாட்சி. சுவரில் மாட்டும் படவிளக்க அட்டைகள் மாணவருக்கு உதவுமா என்று பார்த்தார்கள். அட்டை ஏற்கெனவே இருந்த பள்ளிகளையும் இல்லாத பள்ளிகளையும் ஒப்பிட்ட கணக்கு, மதிப்பெண் 0.2 திட்ட விலக்கம் வரை கூடுவதாகச் சொன்னது. 178 பள்ளிகளை எடுத்து, பாதிக்கு அட்டை கொடுத்து, பாதிக்குக் கொடுக்காமல் பார்த்தபோது பலன் பூஜ்யம். அட்டை வாங்க முடிந்த பள்ளி மற்ற வகையிலும் வசதியான பள்ளி. முதல் கணக்கு அந்த வசதியை அட்டையின் பலனாகக் காட்டிவிட்டது. 2004இல் வெளியான அந்தக் கட்டுரையைப் படித்த பிறகும் 'பத்து ஆய்வுகள் ஆம் என்கின்றன, மூன்று இல்லை என்கின்றன' என்று தலை எண்ணிக்கொண்டிருக்க மனம் வருமா?

மாதிரி அளவு பற்றி ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை என்றாலும் காரமாகவே சொல்கிறேன். '0.2 திட்ட விலக்கம் அளவு மாற்றத்தைக் கண்டறிய இத்தனை குடும்பங்கள் தேவை' என்று எழுதுகிறீர்கள். அந்த 0.2 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் போன முன்மொழிவிலிருந்து. அதற்கு அது முந்தியதிலிருந்து. உண்மைப் பலன் நீங்கள் நினைத்ததில் பாதி என்றால் மாதிரி நான்கு மடங்கு வேண்டும். திட்டத்தில் சேர்பவர்களே குறைவு என்றால் இன்னும் மோசம். ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளை எடுத்து, அதில் 52 இடங்களில் சிறுகடன் கிளை திறந்து நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. கிளை திறந்த பகுதிக்கும் திறக்காத பகுதிக்கும் சிறுகடன் வாங்கியோர் விகிதத்தில் வித்தியாசம் 8.4 சதவீதப் புள்ளிதான். அந்த எண்ணைப் பார்த்தவர், 'கிளை திறந்தால் எல்லோரும் கடன் வாங்குவார்கள்' என்ற கனவில் மாதிரி அளவு போட மாட்டார்.

கழிப்பறையும் அப்படித்தான். ஒடிசாவின் பூரி மாவட்டத்தில் 100 கிராமங்களில் நடந்த ஆய்வில், திட்டம் நடந்த கிராமங்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63க்கு உயர்ந்தன. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையவில்லை. 2014இல் வந்த முடிவு இது. பிறகு வங்கதேசத்திலும் கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் நடந்த பெரிய ஆய்வுகளில் தண்ணீர், கழிப்பறை, கைகழுவுதல் ஆகியவற்றால் மட்டும் குழந்தையின் உயரம் கூடவில்லை. கழிப்பறை வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை; மானமும் பாதுகாப்பும் உயரத்தில் அளக்கிற விஷயங்களா? ஆனால் எதை அளந்தால் மாற்றம் தெரியும், எதை அளந்தால் தெரியாது என்பதற்கு இவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற பதில்கள் இருக்கும்போது, உயர அளவுகோலைத் தூக்கிக்கொண்டு இன்னொரு முறை அதே வீடுகளுக்குப் போவது யார் நேரத்தை வீணாக்குவது?

இதில் அறம் பற்றிய கேள்வியும் இருக்கிறது. உங்கள் கேள்வித்தாளுக்கு ஒரு பெண் இரண்டு மணி நேரம் பதில் சொல்கிறார். அடுப்பில் உலை கொதிக்கிறது, கூலிக்குப் போக வேண்டிய நேரம் போகிறது. பிள்ளையின் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறீர்கள். ஏற்கெனவே பதில் தெரிந்த கேள்விக்காக இதையெல்லாம் செய்வது தவறு. மருத்துவ உலகம் இதை வலிக்க வலிக்கக் கற்றது. இதய அறுவைச் சிகிச்சையில் ரத்தப்போக்கைக் குறைக்கும் அப்ரோட்டினின் மருந்தைப் பற்றி 1987 முதல் 2002 வரை 64 சோதனைகள் வெளியாயின. பன்னிரண்டாவது சோதனை வெளியான 1992லேயே ரத்தப்போக்கு பற்றிய விடை தெளிவாகிவிட்டது என்று பின்னால் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது தெரிந்தது. அதற்குப் பிறகும் நோயாளிகளைக் குலுக்கல் போட்டு மருந்து கொடுக்காத குழுவில் தள்ளிக்கொண்டேயிருந்தார்கள், முந்தைய சோதனைகளைப் படிக்காததால்.

2001இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் கொடியது. ஆஸ்துமா பற்றிய ஆய்வில் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற வேதிப்பொருளை உள்ளிழுத்த 24 வயதுத் தன்னார்வலர் ஒருவர், நோய் ஏதும் இல்லாதவர், நுரையீரல் பழுதாகி இறந்துபோனார். அந்த வேதிப்பொருள் நுரையீரலைக் கெடுக்கும் என்று 1950களின் கட்டுரைகளில் இருந்தது. ஆய்வாளர் பார்த்த கணினித் தரவுத்தளம் 1966க்குப் பிந்தையவற்றை மட்டுமே காட்டியது. நம் ஆய்வுகளில் யாரும் இறப்பதில்லை என்று நீங்கள் சொல்லலாம். திட்டம் நிற்பதும் தொடர்வதும் நம் அறிக்கையைப் பொறுத்தது என்றால், அதன் விளைவை யார் அனுபவிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

'நேரமில்லை, முறையான மீளாய்வுக்கு ஒரு வருடம் ஆகும்' என்பீர்கள். காக்ரேன் அமைப்போ கேம்ப்பெல் அமைப்போ செய்வதுபோல எல்லாவற்றையும் சல்லடை போட்டுச் சலிக்க நான் கேட்கவில்லை. அவர்கள் செய்துவைத்தவற்றைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள் என்கிறேன். 2008இல் தொடங்கிய த்ரீ-ஐஇ அமைப்பு தாக்க மதிப்பீடுகளையும் மீளாய்வுகளையும் திரட்டி இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. நல்ல மீளாய்வு ஒன்று கிடைத்தால் அதன் பின்னால் உள்ள ஆய்வுகளில் உங்கள் நிலத்துக்கும் மக்களுக்கும் நெருக்கமான ஏழெட்டை எடுத்து முழுதாகப் படியுங்கள். சுருக்கத்தை மட்டும் படிக்காதீர்கள். எத்தனை பேர் பாதியில் விலகினார்கள், ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கிடைத்தது என்பதெல்லாம் சுருக்கத்தில் இருக்காது, பின்னிணைப்பில் இருக்கும். 'இதுவரை யாரும் ஆராயவில்லை' என்று எழுதும் முன் நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் பதிவேட்டையும் ஒருமுறை பாருங்கள். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 2013 முதல் அப்படியொரு பதிவேட்டை நடத்துகிறது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு ஐந்து நிமிடத்தில் அத்தியாயத்தை முடித்துவிடும் புதிய வழக்கத்தையும் பார்க்கிறேன். பிறக்காத கட்டுரைகள், எழுதாத ஆசிரியர்கள் பெயரில் மேற்கோளாக வருகின்றன. அவற்றைத் தேடி அலைந்தது போதும் எனக்கு.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். கேள்வித்தாள் எழுதும் முன் மீளாய்வை எழுதுங்கள். அதில் ஒவ்வொரு ஆய்வுக்கும் எதிரே, அது உங்கள் வடிவமைப்பில் எதை மாற்றியது என்று ஒரு வரி போடுங்கள். எதையும் மாற்றாத ஆய்வை எடுத்துவிடுங்கள். எந்த அளவு பலனை எதிர்பார்க்கிறீர்கள், அந்த எண் எந்த ஆய்விலிருந்து வந்தது, உங்கள் ஊருக்கு அது ஏன் கூடும் அல்லது குறையும் என்று எழுதுங்கள். ஏற்கெனவே பதில் தெரிந்துவிட்டது என்று மீளாய்வு காட்டினால், மதிப்பீடே வேண்டாம் என்று நிதி கொடுத்தவரிடம் சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும்.

பேராசிரியர்களே, இந்த வேலையைக் கடைசி வாரத்தில் இளையவர் தலையில் கட்டாதீர்கள். முதல் இரண்டு மாதத்தை இதற்கென்று ஒதுக்கி, வரவுசெலவில் சம்பளத்தோடு காட்டுங்கள். நிதி கொடுக்கும் துறைகளும் அறக்கட்டளைகளும் அந்த வரியை வெட்டாமல் இருக்கட்டும். கள அலுவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் முன் மீளாய்வை இரண்டு பக்கத் தமிழில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். 'வங்கதேசத்தில் மளிகை வாங்குவது ஆண்கள்' என்று படித்ததும், 'நம்ம ஊர்ல அப்படி இல்ல சார், ஆனா ரேஷன் அட்டை அவர் கையிலதான் இருக்கு' என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

கடைசியாக, உங்கள் அலமாரிகளைப் பற்றி. அமெரிக்காவில் 221 சமூக அறிவியல் ஆய்வுகளைப் பின்தொடர்ந்து பார்த்து 2014இல் எழுதினார்கள்: வலுவான முடிவு வந்தவை, ஒன்றும் இல்லை என்று வந்தவற்றைவிட 40 சதவீதப் புள்ளி அதிகமாக வெளியீடு கண்டிருந்தன. 'பலன் இல்லை' என்று வந்ததைப் பலர் எழுதவே உட்காரவில்லை. உங்களிடமும் அப்படிச் சில அறிக்கைகள் கட்டிக் கிடக்கின்றன என்பது எனக்குத் தெரியும். துறைக்குக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, மறந்துபோனவை. ஒப்பந்தம் தடுக்காதவற்றை வெளியே எடுத்துப் பொதுவில் வையுங்கள். என்ன திட்டம், எந்த மாவட்டம், எந்த ஆண்டு, எத்தனை பேர், என்ன கேட்டீர்கள், என்ன வந்தது என்று ஒரு பக்கம் எழுதி இணைத்தால் போதும். ஒப்பந்தம் தடுக்கும் என்றால், அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த விதியை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் முன்மொழிவுகளைப் படிக்கும் ஒருவர்